ஒன்றுமே செய்யாத டொக்டர்

"தீங்கற்ற கட்டி" என்று பெயர் வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருடைய கழுத்தில் அப்படி ஒன்று இருந்திருக்காது என்று மட்டும் சத்தியம் பண்ணுவேன். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் அது பரம சாது. பரவாது, ஆளைத் தின்னாது. ஆனால் அது குடியிருக்கும் இடம் கழுத்து. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயும், குரலுக்குப் போகும் நரம்பும், நாக்கை ஆட்டும் நரம்பும் அங்கே பெருநாளைக்கு முதல் நாள் மாத்தளை பஸ் நிலையத்தில் நிற்கும் சனம் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த நெரிசலுக்குள் கத்தியோடு புகுந்து, வேறு யாருக்கும் கீறல் விழாமல் அந்தச் சாதுவை மட்டும் வெளியே கூட்டிவருவதுதான் உங்கள் வேலை. வாழ்த்துகள்.

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பென்சன் எடுத்தவர்களிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதை. வாசிக்காமல் விடுவது இன்னொரு மரியாதை. எப்படி வெட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் கைபேசியில் முகம் தெரியாத ஒருவர் பின்னணி இசையோடு வெட்டிக் காட்டுகிறார், நானும் பார்த்தேன், நன்றாகவே வெட்டுகிறார். நான் சொல்லப்போவது வெட்டாமல் விட்ட ஒரு கழுத்தைப் பற்றி. அந்தக் கழுத்தின் சொந்தக்காரர் ஜௌபர் நானா, மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் கொண்டக்டர்.

அந்தப் பாதையில் போனவர்களுக்கு அவர் குரல் தெரிந்திருக்கும். பஸ் நிலையத்தின் ஒரு மூலையில் நின்று "நாலந்த, நாவுல, தம்புள்ள" என்று அவர் ஆரம்பித்தால், மறு மூலையில் வேறு ஊருக்குப் போக நிற்பவர்கூட ஒரு கணம் யோசிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை கிளினிக்குக்கு வந்தார். வலது தாடைக்குக் கீழே, ஒரு சின்ன எலுமிச்சங்காய் அளவில் வீக்கம். நோவில்லை. காய்ச்சலில்லை. மனைவி பரீதா பின்னால் நின்று, அவர் சொல்லவேண்டியதையெல்லாம் அவருக்கு முந்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்தவர் என் உதவி டொக்டர் கௌசிகன். கெட்டிக்காரன். கெட்டிக்காரர்களுக்கு வரும் வியாதி அவனுக்கும் இருந்தது, அதாவது அவசரம். "மேடம், காசநோய்க் கட்டி மாதிரிக் கிடக்கு. இஞ்சையே ஒரு துண்டு வெட்டி அனுப்பிவிடுவமோ?" என்று கேட்டான்.

நான் எழும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் அசைந்தது, மேலும் கீழும் அசைய மறுத்தது. விரலுக்கடியில் துடித்தது. கொஞ்சம் அழுத்தியதும் ஜௌபர் நானா இருமினார். விட்டதும் நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி இருமினார்.

"தம்பி, கத்தியை வைச்சிட்டு ஸ்கேனுக்கு எழுதும்" என்றேன். "இதில ஒரு துண்டு வெட்டினீர் எண்டால், மிச்சத்தை நாங்கள் இரத்த வங்கியிலதான் தேடவேணும்."

இது பழைய கதைகளில் வரும் ஞானதிருஷ்டி இல்லை. துடிக்கிற கட்டியில் கை வைக்காதே என்பது பரீட்சைக்கே வரும் பாடம். பரீட்சை முடிந்த மறுநாளே அதை மறந்துவிடுவது நம் தொழிலின் பரம்பரை வழக்கம்.

அவரை வார்டில் சேர்த்தோம். ஸ்கேன் வந்தது. வேகஸ் என்று ஒரு நரம்பு இருக்கிறதே, மூளையிலிருந்து இறங்கி, குரலுக்கும் விழுங்குவதற்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்பு, அதிலேயே முளைத்த கட்டி. உடம்பு முழுக்க இரத்தக் குழாய். மிக அபூர்வம். "அபூர்வம்" என்ற சொல் வார்டுக்குள் விழுந்ததுதான் தாமதம், இலவசச் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதுபோல வெள்ளைக் கோட்டுகள் வரத் தொடங்கின. சத்திரசிகிச்சைப் பிரிவு வந்தது. மருத்துவப் பிரிவு வந்தது. பல் டொக்டர் ஒருவரும் வந்தார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொருவரும் இரண்டு விரலை வைத்து அழுத்தி, "ஆஹா" என்று தலையாட்டிவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். ஜௌபர் நானா இருமி இருமி முகம் வெளுத்து, கடைசியில் கட்டிலில் அப்படியே சாய்ந்தார். நாடி எங்கேயோ போய்விட்டது.

காலைத் தூக்கி, ஊசி போட்டு, ஆளை மீட்டெடுத்தோம். நல்ல வேளை, கழுத்தை விட்டதும் தானாகவே நாடி ஏறியது. கண்ணைத் திறந்து எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"டொக்டர், பள்ளிக்கூடம் விடுற நேரத்து பஸ்ஸில கூட இவ்வளவு பேர் என் மேல கை வைக்கல" என்றார்.

ஆகவே முதல் விஷயம் இதுதான். அபூர்வமான நோயாளி வந்தால் உங்கள் விரல்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு அது அபூர்வமில்லை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு கழுத்து.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேனில் இன்னொன்றும் இருந்தது. இடது பக்கத்தில், அதே நரம்பில், ஒரு மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. அண்ணனைப் பார்த்து வளர ஆசைப்படும் தம்பி. இந்தக் கட்டிகள் சில பேருக்கு இப்படி இரு பக்கமும் வரும். வலது பக்கத்தை வெட்டினால் அந்த நரம்பும் அநேகமாகக் கூடவே போகும். குரல் காற்றாகிவிடும், தண்ணீர் குடித்தால் புரைக்கேறும். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கத்தை வைத்து மனிதன் ஒருவாறு சமாளிப்பான். ஆனால் அந்த மறுபக்கத்தில்தான் மிளகு உட்கார்ந்திருக்கிறது. அது வளர்ந்து அந்த நரம்பையும் கெடுத்தால் பேச்சில்லை, சாப்பாடு குழாயில், மூச்சு தொண்டையில் போட்ட துளையில். வெட்டாமல் விட்டாலோ, இந்த வகைக் கட்டி பெரும்பாலும் ஆமை வேகத்தில்தான் வளரும். சிலருக்கு வருடக்கணக்கில் அசையவே அசையாது.

மேலிடத்திலிருந்த பெரிய நிபுணர்களிடமும் படங்களை அனுப்பிக் கேட்டோம். செய்யவேண்டிய மற்றச் சோதனைகளையும் செய்தோம், அவை உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு, வெட்டவேண்டாம், பார்ப்போம்.

அதைப் பரீதாவிடம் சொன்னேன். விளக்கமாகத்தான் சொன்னேன், படம் கீறியும் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்:

"சாதுவான கட்டின்னு நீங்க தானே டொக்டர் சொன்னீங்க? சாதுன்னா அத வெட்டுறதுக்கு என்ன பயம்?"

இத்தனை வருடம் படித்த படிப்பில் இந்தக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அடுத்து வந்த கிளினிக் நாட்களில் என் புகழ் மாத்தளை முழுவதும் பரவியது. மருந்துக் கடையில், பள்ளிவாசல் தெருவில், மிளகு வாங்கும் கடை வாசலில் எல்லாம் பரீதா சொல்லிவிட்டார். "அந்த டொக்டர் ஒண்ணுமே செய்ய மாட்டாங்க. சும்மா பார்ப்போம் பார்ப்போம்ங்கிறாங்க." என் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவரே என்னைப் பார்த்து, பாவம், வேலை தெரியாத மனுசி என்பதுபோல ஒரு துண்டு அதிகமாகப் போட்டார். பிறகு ஜௌபர் நானாவின் மருமகன் கட்டாரிலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கோல் எடுத்தான். கண்டியில் ஒரு தனியார் இடத்தில் கேட்டிருக்கிறான். சின்ன சத்திரசிகிச்சைதானாம், சில நாட்களில் வீட்டுக்கு வரலாமாம், குரல் "கொஞ்சம்" அடைக்குமாம்.

இந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தொழிலில் இதைவிட மலிவான மயக்க மருந்து கிடையாது. கொஞ்சம் நோகும், கொஞ்சம் மரத்துப்போகும், கொஞ்சம் குரல் அடைக்கும். சொல்லும்போது டொக்டருடைய கொஞ்சம். வீட்டுக்குப் போன பிறகு அது நோயாளியுடைய கொஞ்சம்.

கண்டிக்குப் போகும் நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்திய வாரம், ஸ்கேன் படங்களை வாங்கிப்போக ஜௌபர் நானா தனியாக வந்தார். முகத்தில் ஒரு குற்றவாளிக் களை.

"கோவிச்சிக்காதீங்க டொக்டர். வூட்டுல நிம்மதி இல்ல. பஸ்ஸில ஏறுறவன் எல்லாம் கழுத்தப் பாத்துட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறான். ஒருத்தர் விடாம ஆளுக்கொரு மருந்து சொல்றாங்க. வெட்டி எறிஞ்சிட்டா ஒரே வேலையா முடிஞ்சிரும்."

எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கண்டிக்காரர்மேல் ஒரு பங்கு, மருமகன்மேல் ஒரு பங்கு, நோயாளிமேலேயே பெரிய பங்கு. போங்கோ, போய் வெட்டுவியுங்கோ, பிறகு என்னிடம் வராதேங்கோ என்று நாக்கு நுனிவரை வந்தது. உங்களுக்கும் வரும். வரும்போது உங்களுக்குக் கைகொடுக்க யாராவது வேண்டும். எனக்கு அந்த நேரம் நினைவில் வந்தவர் என்னைப் பயிற்றுவித்த நிபுணர். பெயர் வேண்டாம், உயிரோடிருந்தால் தான் அப்படிச் செய்யவில்லை என்று வாதாடுவார்.

அந்த மனிதர் வார்டுச் சுற்றில் கட்டியைப் பற்றிக் கேட்கமாட்டார். "இந்த ஆள் விடிய எழும்பினால் என்ன வேலைக்குப் போறவர்?" என்று கேட்பார். தெரியாவிட்டால், நோயாளிக்கு முன்னாலேயே, "போய் அவரோட கதைச்சிட்டு வா, பிறகு உன்னோட நான் கதைக்கிறன்" என்று கலைத்துவிடுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் என்று நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். மாப்பிள்ளைகளில் பாதிப்பேர் எழுபது வயதைத் தாண்டியவர்கள்.

ஜௌபர் நானாவின் வேலை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலையில் குரல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் வந்தது. தண்ணீரில் இருக்கும் மீனிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டு என்ன பயன்.

"சரி, படத்தைக் கொண்டுபோங்கோ. நான் மறிக்கேல்லை" என்றேன். "போறதுக்கு முதல் எனக்கு ஒண்டு செய்து தாருங்கோ. ஒரே ஒரு நாள், குரல் இல்லாமல் வேலைக்குப் போங்கோ. கதைக்கலாம், குசுகுசு எண்டு மட்டும். கத்தக் கூடாது. வெட்டின பிறகு கிடைக்கப்போற குரல் அதுதான். ஒருக்கால் போட்டுப் பாருங்கோ, அளவோ எண்டு."

அவர் சிரித்தார். "இதென்ன பெரிய வேலையா? மிசின் இருக்கு, டிக்கெட்ட அது அடிக்கும். நான் கைய மட்டும் நீட்டினாப் போதும்."

"அப்ப கஷ்டம் ஒண்டும் இல்லைத்தானே" என்றேன்.

அவர் போனபின் கௌசிகன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. மேடத்துக்கு வயது போய்விட்டது என்று எழுதியிருந்தது அதில். "இது எந்தப் புத்தகத்தில மேடம் இருக்கு?" என்றும் கேட்டான். அடுத்த நோயாளியின் மூக்கில் ஒரு பாசிமணி சிக்கியிருந்தது, அதை எடுக்கவேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, கிளினிக் முடியும் நேரத்தில் புருஷனும் பெண்சாதியும் வந்து நின்றார்கள். பரீதா வாயே திறக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஜௌபர் நானா உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

காலையில் பஸ் நிலையத்திலேயே தொடங்கியிருக்கிறது. அவர் குசுகுசுக்க, பின்னால் நின்ற பஸ்காரன் போட்ட சத்தத்தில் பாதிச் சனம் அங்கே ஏறிவிட்டது. உள்ளே ஏறியவர்களிடம் "முன்னுக்குப் போங்க" என்று அவர் சைகை காட்ட, அவர்கள் பதிலுக்குச் சைகை காட்டினார்களே தவிர அசையவில்லை. லக்கல பக்கத்து வயல்காரர் ஒருவர், கண் சரியாகத் தெரியாதவர், நாவுல வந்ததும் சொல்லச்சொல்லி ஏறியிருந்தார். அங்கே இறங்கித்தான் அவர் லக்கல பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். நாவுலயில் இவர் பின்கதவில் தொங்கிக்கொண்டு ஊரைச் சொன்னார், அது இவர் காதுக்கே கேட்கவில்லை. நடுவில் நெரிசல். மனிதரைத் தம்புள்ளை வரை கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். லக்கலவுக்கு அன்றைக்கு வேறு பஸ் இல்லை.

"அந்த மனுசன் என்ன ஏசியிருந்தாலும் பரவால்ல டொக்டர். ஏசவே இல்ல. யானை வயலுக்கு எறங்க முந்தி வூட்டுக்குப் போகணும்னு மட்டும் சொன்னாரு. சொல்லிட்டு ரோட்டோரமா குந்திட்டாரு."

திரும்பி வரும்போது நாலந்தாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் தரிப்பிடம். ஒரு அம்மாவின் வெங்காய மூட்டையைப் பின்பெட்டியில் ஏற்ற இவர் கீழே இறங்கினார். வழமையாக மூட்டையை ஏற்றிவிட்டு, ஓடிவந்து மிதிபலகையில் கால் வைத்த பிறகு, "ஹரி, யங்" என்று, அதாவது சரி, போவோம் என்று, சிங்களத்தில் ஒரு சத்தம் போடுவார். அதற்குத்தான் ட்ரைவர் வண்டியை எடுப்பார். அன்றைக்கு உள்ளே யாரோ கம்பியில் தட்ட, அதுதான் புறப்படச் சொல்லும் சத்தம் என்று நினைத்து ட்ரைவர் எடுத்துவிட்டார். சொந்த பஸ் கண்ணெதிரே போகிறது. கொண்டக்டர் ரோட்டில்.

"ஓடினேன் டொக்டர். கத்திரலாம்னு வாயத் தொறந்தேன். என் சத்தத்துக்கு அந்த வண்டி பத்தடி போக முந்தி நின்டிருக்கும். தொறந்த வாய் தொறந்தபடி நான் நின்டுட்டேன்."

"ஏன்?"

"வெட்டின பொறகு இப்பிடித் தொறந்தா ஒண்ணும் வராதேன்னு நெனச்சேன்."

பிறகு ஒரு த்ரீவீலை மறித்து ஏறினாராம். எங்கே என்று அவன் கேட்டதற்குப் பஸ்ஸைக் கையால் காட்டினாராம். ஊமை என்று நினைத்து அவன் காசு வாங்கவில்லை. அதைச் சொல்லும்போதுதான் ஜௌபர் நானாவின் கண் கலங்கியது. நான் மேசையில் எதையோ தேடினேன். என் கண்ணும் சும்மா இருக்கவில்லை.

பரீதா அப்போதுதான் பேசினார். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

"எங்க வாப்பாக்கும் கழுத்துல தான் டொக்டர் வந்திச்சு. வெத்தல போடுவாரு. பார்ப்போம் பார்ப்போம்னு தான் அங்கேயும் சொன்னாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. வாப்பா மவுத்தாகிட்டாரு. எனக்குப் பார்ப்போம்னு கேட்டாலே கை கால் ஓடாது."

இந்தப் பெண் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னதை நினைத்து எத்தனை நாள் எரிச்சலோடு சோறு தின்றேன். அவர் திட்டியது என்னையல்ல, அந்தச் சொல்லை. அது புற்று, இது வேறு என்று நான் படம் கீறி விளக்கியதெல்லாம் அந்த வாப்பாவுக்கு முன்னால் எடுபடவில்லை.

"இனி அந்தச் சொல்லை நான் சொல்லமாட்டன்" என்றேன். "என்ன பார்க்கிறதெண்டு சொல்லுறன். குரல் தானா மாறினால், விழுங்கக் கஷ்டப்பட்டால், ஸ்கேனில பெருத்தால், அண்டைக்கே முடிவை மாத்துவம். வெட்டத்தான் வேணும் எண்டில்லை, கதிர் வைத்தியமும் இருக்கு. ஒவ்வொரு வருசமும் ஸ்கேன். வராட்டி ஆள் அனுப்புவன்."

"யாரு பார்ப்பா? நீங்க மாறிப் போனா?"

"கௌசிகன் பார்ப்பார்" என்றேன். கௌசிகன் எழும்பி நின்றான். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

இதை மட்டும் நீங்கள் மறக்காமலிருந்தால் போதும். வெட்டுவதற்கு ஒரு திட்டம் போதும். சும்மா இருப்பதற்கு அதைவிடப் பெரிய திட்டம் வேண்டும். என்ன நடந்தால் கை வைப்போம், யார் கவனிப்பார், எப்போது என்று சொல்லாமல் "பார்ப்போம்" என்பது வைத்தியம் இல்லை, வாசலைக் காட்டுவது. குரல் போகும் என்று வாயால் சொன்னால் நோயாளி தலையாட்டுவார். தலை ஆட்டுவதற்கு நரம்பு வேறு. அவர் வேலை செய்யும் இடத்தில் அந்த நட்டத்தை ஒரு நாள் உடுத்திப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வெட்டு என்று அவர் சொன்னால், வெட்டுங்கள், அது அவருடைய முடிவு.

கண்டிக்கு அவர்கள் போகவில்லை. எலுமிச்சங்காய் இன்றைக்கும் எலுமிச்சங்காய்தான், கொஞ்சம் பழுத்திருக்கலாம். மிளகு மிளகாகவே இருக்கிறது. இதை வைத்து நான் பெரிய தீர்க்கதரிசி என்று யாரும் நினைக்கவேண்டாம். அது வளர்ந்திருந்தாலும் அன்றைய முடிவு சரியான முடிவுதான். கட்டி வளராதது கட்டியின் பெருந்தன்மை. அதை என் கணக்கில் எழுதாதீர்கள்.

போன மாதம் தம்புள்ளைக்கு ஒரு கலியாணத்துக்குப் போக பஸ் நிலையத்துக்குப் போனேன். அரசாங்க வாகனம் பென்சனோடு போய்விட்டது, என் கண்ணுக்கு இப்போது ஸ்டியரிங் பிடிக்க உரிமையில்லை. பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பின்கதவிலிருந்து அந்தக் குரல் என்னைக் கண்டுபிடித்தது. சட்டைக் கொலருக்கு மேலே கட்டி தெரிந்தது, மறைக்க எந்தச் சிரமமும் எடுக்கவில்லை.

"முன் சீட்டு தம்பி, எழும்புங்க. டொக்டருக்கு எடம் குடுங்க" என்று கத்தினார். அந்த இளைஞன் தயங்கினான். உடனே ஜௌபர் நானா கழுத்தைத் தொட்டுக் காட்டி, பஸ் முழுவதற்கும், முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் அறிமுகம் செய்துவைத்தார்.

"இவங்க தான் எனக்கு ஒண்ணுமே செய்யாத டொக்டர்."

பஸ் மொத்தமும் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. இளைஞன் எழும்பிவிட்டான், பயத்தில் என்றுதான் நினைக்கிறேன். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பகிரங்கப் பாராட்டு அதுதான். நான் உட்கார்ந்தேன். நாவுல வரும்வரை அவர் என் தலைக்கு நேர் பின்னால் நின்று ஊர் ஊராகக் கத்திக்கொண்டு வந்தார். இரண்டு காதும் அடைத்துவிட்டது. நான் காது டொக்டர். அதற்கும் ஒன்றும் செய்யவில்லை.